மலேரியா: அடங்கியதும் திரும்பியதும்

(அலுவலர்களும் மாணவர்களும் கூடிய அவையில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

1965-ஆம் ஆண்டில் இந்தியா முழுவதிலும் மலேரியாக் காய்ச்சல் கண்டதாகப் பதிவானவர்கள் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர். அந்நோயால் இறந்ததாக ஒருவர் பெயர்கூட அவ்வாண்டுக் கணக்கில் இல்லை. பதினொரு ஆண்டுகள் கழிந்தன. 1976-இல் நோயாளிகளின் எண்ணிக்கை 64 லட்சத்தைத் தாண்டியது. இவ்விரு எண்களுக்கும் இடையில் நிகழ்ந்தது என்ன என்பதே இவ்வுரையின் பொருள். நோய் யாது, எதனால் பரவுகிறது, எவ்வாறு தடுப்பது என்பனவெல்லாம் அக்கேள்விக்குள் அடங்கிவிடுகின்றன. மருத்துவர்களுக்கு இதில் புதிய செய்தி இல்லை. நிதி ஒதுக்குவோரும், மாத அறிக்கைகளைப் பார்வையிடுவோரும், நாளை அப்பொறுப்புகளுக்கு வரவிருக்கும் மாணவர்களும் அறிந்திருக்க வேண்டியவை பல உண்டு.

நோயும் அதன் வழியும்

"மலேரியா" என்னும் இத்தாலியச் சொல்லுக்குக் கெட்ட காற்று என்பது பொருள். சதுப்பு நிலங்களிலிருந்து எழும் நச்சுக் காற்றே குளிர்காய்ச்சலை உண்டாக்குகிறது என்று பல நூற்றாண்டுகள் நம்பப்பட்டது. நம்பிக்கை தவறு எனினும் கவனிப்பு தவறன்று. தேங்கிய நீருக்கும் காய்ச்சலுக்கும் தொடர்பு இருந்தது. 1880-இல் அல்ஜீரியாவில் பணியாற்றிய பிரெஞ்சு இராணுவ மருத்துவர் லவரான், நோயாளியின் இரத்தத்தில் ஒட்டுண்ணியைக் கண்டார். 1897 ஆகஸ்டு 20-ஆம் நாள் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ், நோயாளியின் இரத்தத்தைக் குடித்த கொசுவின் இரைப்பைச் சுவரில் அதே ஒட்டுண்ணி வளர்வதைக் கண்டார். மறு ஆண்டு கல்கத்தாவில் பறவைகளைக் கொண்டு அவ்வொட்டுண்ணியின் வாழ்க்கைச் சுழற்சி முழுவதையும் நிறுவினார். மலேரியாவின் வழி முதன்முதலில் இந்திய மண்ணில்தான் வெளிப்பட்டது.

அவ்வழியைச் சற்று விரிவாகப் பார்த்தல் நன்று. தடுப்பு முறைகள் ஒவ்வொன்றும் அதன் ஏதேனும் ஒரு கட்டத்தையே குறிவைக்கின்றன. மலேரியாவைப் பரப்புவது அனாபிலிஸ் இனத்துப் பெண் கொசு மட்டுமே. முட்டையிடுவதற்கு அதற்கு இரத்தம் தேவை. நோயாளியைக் கடிக்கும்போது ஒட்டுண்ணி கொசுவின் உடலுக்குள் செல்கிறது. ஆனால் உடனே அது பிறருக்குப் பரவுவதில்லை. கொசுவின் உடலில் அது வளர்ந்து உமிழ்நீர்ச் சுரப்பியை அடைய வெப்பநிலைக்கேற்ப ஏறத்தாழ 10 முதல் 14 நாள்கள் ஆகும். அத்தனை நாள்கள் உயிரோடிருக்கும் கொசுதான் ஆபத்தானது. இரத்தம் குடித்து உடல் கனத்த கொசு அருகிலுள்ள சுவரில் அமர்ந்து இளைப்பாறும் வழக்கமுடையது. வீட்டின் உட்சுவர்களில் மருந்து தெளிப்பதன் காரணம் இதுவே. எல்லாக் கொசுக்களையும் கொன்றொழிப்பது அதன் நோக்கமன்று. கொசுவின் ஆயுளை அந்தப் பத்துப் பன்னிரண்டு நாள்களுக்குக் குறைவாக்கிவிட்டால் போதும், சங்கிலி அறுந்துவிடும்.

முட்டை கூத்தாடிப் புழுவாகி, கூட்டுப்புழுவாகி, கொசுவாகப் பறப்பதற்கு வெப்பக் காலத்தில் ஏழு முதல் பத்து நாள்கள் பிடிக்கும். வாரத்தில் ஒரு நாள் நீர்த்தொட்டிகளைக் காலிசெய்து உலரவிட வேண்டும் என்று கூறுவது இக்கணக்கைக் கொண்டுதான். இந்தியாவில் இவ்வேலையைச் செய்யும் கொசுக்கள் பலவகை. சமவெளிக் கிராமங்களில் வாய்க்கால், குட்டை, வயல் ஆகியவற்றில் வளரும் க்யூலிசிபேசிஸ். நகரங்களில் கிணறுகளிலும் மாடித் தொட்டிகளிலும் வளரும் ஸ்டீபென்சி. மலையடிவார ஓடைகளில் வளரும் ஃபுளூவியாட்டிலிஸ். வடகிழக்குக் காடுகளில் வேறு இனங்கள். சாக்கடைக் கொசுதான் மலேரியாவைத் தருகிறது என்னும் பொதுவான எண்ணம் பிழையானது. பெரும்பாலும் தெளிந்த நீரையே இவை விரும்புகின்றன. வாயிலில் சாக்கடையைத் தூய்மை செய்துவிட்டு மாடித் தொட்டியைத் திறந்து வைத்திருக்கும் வீடுகள் நகரங்களில் எத்தனையோ.

காய்ச்சலை அறிதல்

கொசு கடித்து ஏறத்தாழ இரண்டு வாரங்களில் நோய் தலைகாட்டும். முதலில் உடல் நடுங்கும் குளிர். போர்வைகள் எத்தனை போர்த்தினாலும் அடங்காது. அடுத்து கடுங்காய்ச்சல், தலைவலி, வாந்தி. பின் வியர்வை பெருகிக் காய்ச்சல் தணியும். ஒருநாள் விட்டு ஒருநாள் இது திரும்புவதால் முறைக்காய்ச்சல் என்னும் பெயர் வந்தது. பாடநூலில் உள்ள இந்த ஒழுங்கு எல்லா நோயாளிகளிடமும் தென்படும் என எதிர்பார்த்தல் கூடாது. குழந்தைகளிடமும், தொடக்க நாள்களிலும் அது சாதாரணக் காய்ச்சல் போலவே இருக்கும். அடிக்கடி நோயுற்றவர்களுக்கு மண்ணீரல் வீங்கும், இரத்தச்சோகை உண்டாகும். கர்ப்பிணிகளுக்கு வந்தால் குழந்தை எடை குறைந்து பிறக்கும்.

இந்தியாவில் பெரும்பாலும் காணப்படும் ஒட்டுண்ணிகள் இரண்டு. வைவாக்ஸ் வகை உயிரைப் பறிப்பது அரிது. ஆனால் கல்லீரலில் உறங்கிக் கிடந்து பல மாதங்கள் கழித்தும் மீண்டும் எழும். ஃபால்சிபாரம் வகை மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கிச் சில நாள்களிலேயே உயிரைக் குடிக்க வல்லது. இரண்டுக்கும் மருத்துவம் வெவ்வேறு. எது என்பதை இரத்தப் பரிசோதனை ஒன்றே கூறும். காய்ச்சல் எனில் உடனே ஏதோ ஒரு மாத்திரையைத் தந்து அனுப்பிவிடுவது நோயாளிக்கும் நாட்டுக் கணக்குக்கும் ஒருங்கே கேடு. வைவாக்சுக்கு மூன்று நாள் குளோரோகுவினுடன், கல்லீரலில் தங்கிய ஒட்டுண்ணியை அழிக்க 14 நாள் பிரைமாகுவின் மருத்துவர் மேற்பார்வையில் தரப்படுகிறது. கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் குறிப்பிட்ட நொதிக் குறைபாடு உடையோருக்கும் அம்மருந்து ஆகாது. மூன்றாம் நாள் காய்ச்சல் நின்றதும் மீதி மாத்திரைகள் பரணுக்குப் போய்விடுகின்றன. சில மாதங்களில் அவ்வீட்டில் மீண்டும் காய்ச்சல். பழி கொசுவின் மேல் விழுகிறது. ஃபால்சிபாரத்துக்கு இன்று ஆர்ட்டிமிசினின் சார்ந்த கூட்டு மருந்து வழங்கப்படுகிறது. அம்மூலப்பொருளைக் கண்டறிந்த சீன விஞ்ஞானி தூ யூயூ 2015-இல் நோபல் பரிசு பெற்றார்.

பொருளாதாரக் கணக்கு

மலேரியா வறுமையின் விளைவா, வறுமை மலேரியாவின் விளைவா என்னும் வழக்கு பழையது. 1908-இல் பஞ்சாபில் பரவிய பெருங்காய்ச்சலில் சில மாதங்களுக்குள் மூன்று லட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அமிர்தசரஸ் நகர வாழ்க்கையே நிலைகுலைந்தது. அதனை ஆராய்ந்த கிறிஸ்டோபர்ஸ் என்னும் மருத்துவ அலுவலர், பெருமழை மட்டும் அத்தகைய சாவுகளுக்குக் காரணம் ஆகவில்லை என்று 1911-இல் வெளியான தம் அறிக்கையில் காட்டினார். தானிய விலை உயர்ந்து மக்கள் அரைவயிற்றுடன் இருந்த காலத்தில் மழையும் மிகுந்தால்தான் காய்ச்சல் கொள்ளைநோயாக மாறிற்று. கொசுவையும் ஒட்டுண்ணியையும் பற்றிய அறிக்கை ஒன்றில் தானிய விலைப் பட்டியல் இடம்பெற்றது அன்று பலருக்கு வியப்பளித்திருக்கும். இன்றும் பொருளாதாரம் பயிலும் மாணவர்கள் தேடிப் படிக்கத்தக்க அறிக்கை அது.

விடுதலை பெற்ற காலத்தில், ஏறத்தாழ 33 கோடி மக்கள்தொகையில் ஆண்டுதோறும் 7.5 கோடிப் பேர் மலேரியாவால் வருந்தினர் என்றும், 8 லட்சம் பேர் இறந்தனர் என்றும் மதிப்பிடப்பட்டது. மழைக்காலமும் அதனை அடுத்த மாதங்களுமே நோயின் பருவம். நடவும் களையெடுப்பும் அறுவடையும் அதே மாதங்களில்தான். உழவன் வீட்டில் இருவர் படுத்துவிட்டால் இழப்பு மருந்துச் செலவோடு நிற்பதில்லை; வயலில் விளையாத நெல்லையும் கணக்கில் சேர்க்க வேண்டும். உத்தரப் பிரதேசத்தின் தராய்ப் பகுதி நல்ல மண்ணும் நீரும் உடையது. ஆயினும் மலேரியாவுக்கு அஞ்சி மக்கள் குடியேறாத காடாகவே கிடந்தது. நோய் கட்டுப்பட்ட பின்னரே அங்கு உழவு பெருகியது.

அதற்கு முன்னர் அரசிடம் இருந்த பெரும் கருவி கொயினா ஒன்றே. நீலகிரியிலும் டார்ஜிலிங் மலைகளிலும் சிங்கோனா மரங்கள் பயிரிடப்பட்டன; வங்காளத்தில் அஞ்சல் அலுவலகங்களில் சிறு பொட்டலங்களாகக் கொயினா விற்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின் முடிவில் டி.டி.டி. வந்தது. பம்பாய் மாகாணத்தில் செய்த தொடக்க முயற்சிகள் நல்ல பலன் தரவே, 1953-இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கிற்று. ஐந்தே ஆண்டுகளில் கண்ட வெற்றியால் 1958-இல் அது "ஒழிப்புத் திட்டம்" எனப் பெயர் மாறியது. 1961-இல் பதிவான நோயாளிகள் 50,000-க்கும் குறைவு. எந்த வளர்ச்சித் திட்டமும் இத்தகைய வீழ்ச்சியைத் தன் பட்டியலில் காட்டியதில்லை எனலாம்.

திரும்பி வந்தது ஏன்?

ஒழிப்புத் திட்டம் கட்டம் கட்டமாக வகுக்கப்பட்டிருந்தது. முதலில் தாக்குதல் கட்டம்: வீடுதோறும் மருந்துத் தெளிப்பு. அடுத்தது நிலைப்படுத்தும் கட்டம்: தெளிப்பு நிறுத்தப்பட்டு, ஊழியர் இரு வாரங்களுக்கு ஒருமுறை வீட்டுக்கு வந்து காய்ச்சல் உண்டா என வினவி, கண்ணாடிச் சில்லில் இரத்தத் தடவல் எடுத்துச் செல்வார். இறுதியானது பராமரிப்புக் கட்டம்: தனி அமைப்பு விலகி, மாநிலத்தின் பொதுச் சுகாதாரப் பணியாளர் அப்பொறுப்பை ஏற்பர்.

தாளில் இது பழுதற்ற ஏற்பாடு. நடைமுறையில், பராமரிப்புக் கட்டத்தை எட்டிய பல இடங்களில் அதனை ஏற்க வேண்டிய ஆரம்ப சுகாதார நிலையங்கள் போதிய ஆளும் ஆய்வுக்கூடமும் இன்றி இருந்தன. அடிப்படைச் சுகாதாரப் பணியாளரின் தோளில் குடும்ப நலம், அம்மை என வேறு பணிகளும் ஏறின. எடுத்த தடவல்கள் வாரக்கணக்கில் ஆய்வின்றிக் கிடந்தன. ஒரு தடவலின் முடிவு ஒரு மாதம் கழித்து வருமாயின் அதற்குள் அந்நோயாளியிடமிருந்து எத்தனை கொசுக்கள் ஒட்டுண்ணியைப் பெற்றிருக்கும் என்பதை முன்பு கண்ட 10, 14 நாள் கணக்கைக் கொண்டு எவரும் ஊகிக்கலாம்.

வேறு காரணங்களும் சேர்ந்தன. கொசுக்கள் டி.டி.டி.க்கும், அதற்கு மாற்றாக வந்த பி.எச்.சி.க்கும் ஈடுகொடுக்கக் கற்றுக்கொண்டன. 1973-இல் எண்ணெய் விலை உயர்ந்தபோது பூச்சிக்கொல்லிகளின் விலையும் உயர்ந்தது. வேண்டிய அளவில் வேண்டிய நேரத்தில் அவை கிடைக்கவில்லை. அதே ஆண்டு அசாமில் குளோரோகுவினுக்குக் கட்டுப்படாத ஃபால்சிபாரம் கண்டறியப்பட்டது. ஊரகத்தை மையமாகக் கொண்ட ஒழிப்புத் திட்டத்தில் நகரங்கள் பெரிதும் உள்ளாட்சி மன்றங்களின் பொறுப்பிலேயே விடப்பட்டிருந்தன. 1971-இல்தான் நகர்ப்புற மலேரியாத் திட்டம் வந்தது. அதற்குள் கிணறுகளிலும் தொட்டிகளிலும் வளர்ந்த நோய் சுற்றுப்புறக் கிராமங்களுக்குத் திரும்பிச் சென்றுகொண்டிருந்தது.

இவையெல்லாம் உண்மையே. எனினும் கொசுவின் எதிர்ப்பாற்றலை முதற் காரணமாகச் சொல்வது நிர்வாகத்துக்கு வசதியானது என்பதையும் குறிப்பிட வேண்டும். நோய் திரும்பிய இடங்களில் கணிசமானவை மருந்து தோற்ற இடங்களல்ல. கண்காணிப்பு தளர்ந்த இடங்கள். ஓர் ஊரில் ஆயிரம் நோயாளிகள் இருக்கையில் செலவிடும் ஒவ்வொரு ரூபாய்க்கும் பலன் கண்ணெதிரே தெரிகிறது. பத்துப் பேர் மட்டும் எஞ்சியிருக்கையில் அவர்களைத் தேடிப் பிடிக்க அதே ஊழியர் அதே வீடுகளுக்கெல்லாம் செல்ல வேண்டும். ஒரு நோயாளிக்கு ஆகும் செலவு பன்மடங்காகிறது. அந்நிலையில் நிதிநிலைக் குறிப்பு எழுதுவோர் "நோயே இல்லாத இடத்தில் இத்தனை ஊழியர் எதற்கு?" என்று கேட்பது இயல்பே. 1960-களின் பிற்பகுதியில் அக்கேள்வி வெவ்வேறு சொற்களில் பல அலுவலகங்களில் கேட்கப்பட்டது. 1976 அதற்குரிய விடை.

அண்டை நாடான இலங்கை இதே பாடத்தை இன்னும் கூர்மையாகக் கற்றது. 1963-இல் அங்கு ஓராண்டில் பதிவானவர்கள் 17 பேர் மட்டுமே. தெளிப்பும் கண்காணிப்பும் தளர்ந்தன. 1968-69-இல் பரவிய கொள்ளைநோயில் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டோர் படுத்தனர். பல பத்தாண்டுகள் மீண்டும் உழைத்து, 2012-க்குப் பின் உள்நாட்டில் தொற்றிய நோயாளி எவரும் இல்லாத நிலையை எட்டி, 2016 செப்டம்பரில் மலேரியா அற்ற நாடு என உலக சுகாதார நிறுவனத்தின் சான்றைப் பெற்றது. சான்று பெற்ற பின்னும் மலேரியாவுக்கெனத் தனி இயக்கத்தை அந்நாடு கலைத்துவிடவில்லை. வெளிநாடுகளிலிருந்து நோயோடு வருவோரைக் கண்டறியும் பணி தொடர்கிறது.

1977-க்குப் பின்

1977-இல் திருத்திய செயல்திட்டம் நடைமுறைக்கு வந்தது. ஒழிப்பு என்னும் இலக்கை ஒதுக்கி வைத்து, சாவுகளைத் தடுப்பது, நோயைக் குறைப்பது, அடைந்த வேளாண், தொழில் வளர்ச்சியைக் காப்பது என அடக்கமான நோக்கங்களை அது ஏற்றது. ஆயிரம் பேருக்கு ஆண்டில் இருவருக்கு மேல் நோய் காணும் இடங்களில் மட்டும் தெளிப்பு என விதிக்கப்பட்டது. 1980-களின் நடுவில் நோயாளிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 20 லட்சமாகக் குறைந்து, பின் நெடுங்காலம் அந்த அளவையே சுற்றி நின்றது.

அக்காலத்து முயற்சிகளில் குஜராத் மாநிலம் கேடா மாவட்டத்தில் 1983-இல் மலேரியா ஆராய்ச்சி மையம் தொடங்கியது தனியே நினைக்கத்தக்கது. நடியாத் வட்டத்துக் கிராமங்களில் மருந்துத் தெளிப்புக்குப் பதிலாகக் கொசு வளரும் இடங்களையே குறைக்க முற்பட்டனர். பள்ளங்கள் நிரப்பப்பட்டன, குட்டைகளிலும் கிணறுகளிலும் கூத்தாடிகளைத் தின்னும் கப்பி மீன்கள் விடப்பட்டன, சதுப்பு இடங்களில் மரங்கள் நடப்பட்டன, கொசு புகாதபடி தொட்டிகளுக்கு மூடியிடப்பட்டது. நோய் குறைந்தது. இம்முறை நாடெங்கும் பரவாததற்கு அறிவியல் காரணம் எதுவும் இல்லை. பள்ளத்தை நிரப்புவது பொதுப்பணித் துறை, வாய்க்கால் கசிவு பாசனத் துறை, குட்டை ஊராட்சி, மீன் மீன்வளத் துறை. காய்ச்சல் மட்டும் சுகாதாரத் துறை. இவர்கள் அனைவரையும் ஒரே நாளில் ஒரே ஊருக்கு வரவழைக்கும் ஆற்றல் மாவட்ட ஆட்சியரைத் தவிர வேறெவர்க்கும் இல்லை. கேடாவில் ஓர் ஆராய்ச்சி மையம் அவ்வேலையைச் செய்தது.

நகரங்களில் சிக்கல் வேறு உருவில் நிற்கிறது. சென்னை, மும்பை, தில்லி ஆகிய நகரங்களில் கட்டடம் கட்டுமிடங்களில் தேக்கி வைக்கும் நீரும் மூடாத மாடித் தொட்டியும் ஸ்டீபென்சிக் கொசுவுக்கு நாற்றங்கால். கட்டடத் தொழிலாளி நோய் மிகுந்த மாவட்டத்திலிருந்து ஒட்டுண்ணியோடு வருகிறார். அங்கேயே கொசுவலையின்றி உறங்குகிறார். அவருக்கு மருந்து தந்தால் மட்டும் போதாது. நீர்த்தேக்கத்துக்குப் பொறுப்பான ஒப்பந்தக்காரரிடம் கேள்வி கேட்கும் விதி மாநகராட்சிகளிடம் உண்டு; அதனைக் கையாளும் ஊக்கம் ஊருக்கு ஊர் வேறுபடுகிறது.

இன்றைய நிலை

2016-இல் வெளியான தேசியச் செயல்வரைவு, 2030-க்குள் மலேரியாவை இந்தியாவிலிருந்து அகற்றுவது என இலக்கு வைத்துள்ளது. 1958-இல் எழுதிய சொல் அரை நூற்றாண்டுக்குப் பின் மீண்டும் ஏட்டில் ஏறியிருக்கிறது. கருவிகள் இப்போது மேலானவை. பூச்சிமருந்து நெடுநாள் தங்கும் கொசுவலைகள் உள்ளன. கால்மணி நேரத்தில் முடிவு காட்டும் பரிசோதனைப் பட்டையைக் கிராமத்து ஆஷா பணியாளரே கையாள்கிறார். 2015-இல் 11.7 லட்சமாக இருந்த நோயாளிகள் 2023-இல் 2.27 லட்சமாகக் குறைந்தனர். பதிவான இறப்புகள் 384-லிருந்து 83 ஆயின.

இவ்வீழ்ச்சியில் பெரும்பங்கு ஒடிசா மாநிலத்துக்கு உரியது. நாட்டின் நோயாளிகளில் ஐந்தில் இருவர் அங்கிருந்த காலம் உண்டு. 2017-இல் அம்மாநிலம் ஒரு கோடிக்கு மேற்பட்ட கொசுவலைகளை வழங்கிற்று. அத்துடன் சாலை எட்டாத மலைக் கிராமங்களுக்குக் குழுக்களை அனுப்பி, காய்ச்சல் இருப்பவர் இல்லாதவர் என்று பாராமல் ஊரார் அனைவரையும் பரிசோதித்தது. காய்ச்சலே இல்லாத பலரின் இரத்தத்தில் ஒட்டுண்ணி இருந்தது; மருத்துவ மனைக்கு வருவோரை மட்டும் எண்ணும் முறையில் இவர்கள் ஒருபோதும் அகப்பட்டிருக்க மாட்டார்கள். 2016-இல் 4.4 லட்சமாக இருந்த எண்ணிக்கை 2019-இல் 40,000-க்கும் கீழே இறங்கியது.

ஆனால் இதே பட்டியலில் வேறொரு வரியும் உண்டு. 2021, 2022 ஆகிய ஆண்டுகளில் 25,000 அளவில் இருந்த ஒடிசாவின் எண்ணிக்கை 2023-இல் 40,000-ஐத் தாண்டியது. நாடு முழுமைக்குமான எண்ணும் முந்தைய ஆண்டைவிட 2023-இல் ஏறியது. பரிசோதனை மிகுந்ததால் கூடுதலாகக் கண்டறியப்பட்டனரா, நோயே மிகுந்ததா என்பதை நோயாளி எண்ணிக்கையை மட்டும் பார்த்து எவரும் முடிவுசெய்ய இயலாது. பக்கத்து நிரலில் உள்ள எண்ணையும் படிக்க வேண்டும். மக்கள்தொகையில் நூற்றுக்கு எத்தனை பேரின் இரத்தம் ஆண்டில் பரிசோதிக்கப்பட்டது என்பது அந்நிரல். பத்துக்குக் குறையலாகாது என்பது நெடுநாள் விதி. நோயாளி ஒருவரும் இல்லை, பரிசோதனை நூற்றுக்குப் பன்னிரண்டு என்னும் மாவட்டமும், நோயாளி ஒருவரும் இல்லை, பரிசோதனை நூற்றுக்கு ஒன்று என்னும் மாவட்டமும் மாத அறிக்கையின் முதற்பக்கத்தில் ஒன்றுபோலவே தோன்றும். முதலாவதில் நோய் இல்லை எனக் கூறலாம்; இரண்டாவதில் தேடவில்லை என்று மட்டுமே கூற முடியும்.

2023-இல் 122 மாவட்டங்கள் ஒரு நோயாளியும் இல்லை என அறிவித்தன. அம்மாவட்டங்களிலிருந்து ஆய்வுக்கூட நுட்பர் பணியிடங்களை நிரப்பவும், பரிசோதனைப் பட்டைகளை வாங்கவும், கண்காணிப்பு ஊழியரின் பயணப்படிக்கும் கோரிக்கைகள் வரும். 1960-களில் வந்தவையும் இவை போன்ற கோரிக்கைகளே. நோய் மிகுந்த மாவட்டத்தின் கோரிக்கையோடு அவற்றை ஒரே அளவுகோலில் வைத்து, நோயாளி ஒருவருக்கு ஆகும் செலவை வகுத்துப் பார்த்தால் வகுக்கும் எண் சுழியாக நிற்கும், அக்கணக்கு செல்லாது. சுழியைச் சுழியாகவே வைத்திருக்க ஆண்டுக்கு எத்தனை தடவல்கள் தேவை, அவற்றைப் பார்க்க எத்தனை நுட்பர்கள் தேவை, முடிவு எத்தனை நாளில் ஊருக்குத் திரும்ப வேண்டும் என்னும் மூன்று வினாக்களுக்கான விடைகளைக் கொண்டுதான் அக்கோப்புகளின் மேல் குறிப்பு எழுத வேண்டும்.